உன் மனைவியின் இலையை நான் மடித்தது பற்றி

தம்பி செந்திலுக்கு, அப்பா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது இல்லை. நானே, என் கையால் எழுதுவது.

காதுகுத்து முடிந்து நீ ஓசூருக்கு பஸ் ஏறியதிலிருந்து என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "வேலையா இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். போனில் பேசுகிறவன் வாயை மூட உனக்கு ஒரு விரல் போதும். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் யாராக இருந்தாலும் நாலு வரியாவது படித்துவிடுவார்கள். இது எனக்கு இப்போதுதான் தெரிந்த சங்கதி. தெரிந்ததிலிருந்து ஒரே சந்தோஷமாக இருக்கிறது. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் போய் உட்கார்ந்தபோது நீ சிரித்தாய். "இந்த வயசுல கலெக்டர் ஆவப் போறியா" என்று கேட்டாய். கலெக்டர் ஆகவில்லை. ஆனால் போன மாதம் ரயில்வே ஜங்ஷனில் ஒரு வேலையும் இல்லாமல் போய் நின்று, அங்கே இருக்கிற பலகை எல்லாவற்றையும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எச்சில் துப்பாதீர் என்பது உட்பட. எழுதுவதுதான் இன்னும் மெதுவாக வருகிறது. 'வெட்கமாக இல்லையா' என்று எழுத ஆரம்பித்தால், அந்தச் சொல் முடிவதற்குள் கோபத்தின் சூடு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதில் உனக்கு லாபம். ஆனாலும் முழுதும் இறங்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்.

என்மேல் நீ சொல்லும் குற்றம் எனக்குத் தெரியும். கருவேப்பிலங்குறிச்சியில், உன் தங்கை செல்வி வீட்டு விசேஷத்தில், சம்பந்தி வீட்டார் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, உன் மனைவி கலாவின் இலையை நான் கை நீட்டி மடித்துவிட்டேன். பந்தி நடக்கும்போது அடுத்தவர் இலையை மடிப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நீ தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள். உனக்கும் உன் மனைவிக்கும்தான் முதல் இலை. அந்த இலையை நான் மடித்தேன். நாளைக்கே அதே நிலை வந்தாலும் மடிப்பேன். ஏன் மடித்தாய் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். இதை ஒளித்து வைத்துப் படிக்காதே. கலாவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். செல்விக்கும் உன் அத்தை அஞ்சலைக்கும் நானே படித்துக் காட்டப் போகிறேன். இந்த வீட்டில் ஒளித்ததெல்லாம் போதும்.

ஒளிப்பது எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார். கலாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, முட்டி தேய்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்தால் நல்லது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். அவள் பயந்தாள். நீதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாய். அதில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனபோது கழற்றிக் கொடுத்த செருப்பை நீ கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும் வரை அதைக் கீழே வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கே போனான் என்பதுதான் என் கோபம். ஊருக்குத் திரும்பும்போது காரில், நெய்வேலி தாண்டியதும் நீ ஆரம்பித்தாய். "யாரு கேட்டாலும் பித்தப்பையில கல்லு, எடுத்தாச்சுன்னு சொல்லுங்க. வயித்தச் சின்னதாக்குனதுன்னு தெரிஞ்சா நம்ம ஊருல சிரிப்பாங்க." கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்படித் திரும்பியபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ லீவு முடிந்து ஓசூருக்குப் போய்விட்டாய். அவள் அம்மாவுக்கோ இடுப்பு முடியாது, பெண்ணாடத்தில் தாய் வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று கலா இங்கேயே என்னிடம் இருந்தாள். கல் எடுத்தவளுக்கு நாலைந்து நாளில் சோறு கொடுக்கலாம் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, நீ சொன்ன பொய் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணத்தில் சோறாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்றே ஒரு அம்மா இருந்தார்களே, அவர்கள் கொடுத்த தாளை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் தண்ணீராக இருப்பது மட்டும். பருப்புத் தண்ணீர், வடித்த கோழி சூப்பு, நீர்மோர். அதன் பிறகு கட்டி இல்லாமல் அரைத்தது. அதன் பிறகு விரலால் அழுத்தினால் மசிவது. கடைசியில்தான் நம் சாப்பாடு. உன் அம்மா போனதிலிருந்து நானே பொங்கித் தின்கிறவன், எனக்கு இது ஒரு பெரிய வித்தையாகத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் மண்ணைப் பால் மாதிரிக் கரைத்து அச்சில் ஊற்றும் முன் சல்லடையில் வடித்து வடித்துப் பழகிய கை. பருப்பையும் அப்படியே வடித்தேன். வடித்ததை விளக்கில் காட்டிப் பார்த்தேன். கலா பார்த்துவிட்டு, "நான் என்னா பீங்கான் பொம்மையா மாமா, அச்சுல ஊத்துற மாதிரி ஊத்துறீங்க" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அரைத்த சாப்பாடு தொடங்கிய அன்று நான் ஒரு காரியம் செய்தேன். நம் ஊர் ஆள் ஒருவனுக்குத்தான் அப்படித் தோன்றும். பல்லுக்கே வேலை இல்லாமல் இறங்குகிற சாப்பாடு நம்மிடம் எது? கேழ்வரகுக் களிதான். களியை யாராவது மென்று தின்கிறார்களா? உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குகிறோம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பில் தொட்டு நீ சின்ன வயதில் எத்தனை உருண்டை முழுங்கியிருப்பாய். இதைவிட மெத்தென்ற சாப்பாடு அந்த அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நன்றாகக் கிண்டி, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, மோரில் நனைத்துக் கொடுத்தேன். கலாவும் ஆசையாக வாங்கிக்கொண்டாள். விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழியில் கையை வைத்தாள். பேச்சு வரவில்லை. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறுகிறது, துப்பத் துப்ப ஊறுகிறது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிகிறது. வாந்தி வந்தால் தேவலை, அதுவும் வரவில்லை. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே நின்று "அம்மாடி, அம்மாடி" என்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாமல் இருந்தேன். கடைசியில் அது வெளியே வந்தது. போட்ட உருண்டை போட்டபடி வந்தது.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர்கள் திட்டவில்லை. "ஐயா, பல்லு இல்லாதவங்க திங்கிறது எல்லாம் இவங்களுக்கு ஆகாது. ஒட்டுற எதுவும் வேணாம். களி, குழஞ்ச சோறு, ரொட்டி, மூணும் உள்ள போயி பந்தா நின்னுக்கும். தயிரு மாதிரி வழுக்கி எறங்கணும். இனி ஒரு தடவ இப்பிடி ஆயி வலி நிக்காம இருந்தா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்கள். மெத்தென்று இருப்பது வேறு, இறங்குவது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நீயும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். ஒரு வாய் சோறு அவளை என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தவன். நீ பார்க்கவில்லை. பார்க்காததற்கு உன்னைக் கோபிக்கவில்லை. நான் போனில் சொன்னபோது, "சரி சரி, பாத்துக்கப்பா" என்று சொன்னாயே, அதற்குத்தான்.

அதற்கடுத்த வாரம் உன் அத்தை தூக்கு நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தாள். வரும்போதே சத்தம். "ஏ புள்ள, கல்ல எடுத்து இத்தினி நாளாச்சு, இன்னும் என்னா கஞ்சி? ஒடம்பு எப்பிடித் தேறும்?" கலா, "பசிக்கல சின்னம்மா" என்றாள். "பசிக்காம எப்பிடி இருக்கும்? எங்கண்ணன் சமையலு வாயில வைக்கிற மாதிரியா இருக்கும். அத்த உட்டுத்தள்ளு. நீ ஒரு வாயி தின்னு, நான் பாத்துட்டுப் போறேன்." தட்டு போட்டு, சோறு போட்டு, குழம்பை ஊற்றி, கறியைப் பிய்த்து வைத்துவிட்டாள். கலா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். உன் அத்தை விடுகிறவளா? "கோழி வேணாம்னா பாயசம் வச்சித் தரேன். ஜவ்வரிசியப் போட்டு, வெல்லத்தப் போட்டு. அது தண்ணிதான, தொண்டையில எறங்கும்." சர்க்கரையும் வெல்லமும் போட்ட பாயசம் அந்தச் சின்ன வயிற்றில் போனால் மயக்கமும் வியர்வையும் வரும் என்று தாளில் போட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அஞ்சல, அது கல்லு இல்ல. வயித்தையே சின்னதாக்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீ பயந்தபடியே அவள் சிரித்தாள். "சோத்தக் கொறைக்கத் தெரியாமலா வயித்தக் கொறச்சிக்கிட்ட?" என்றாள். கலா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. "ஆமா சின்னம்மா. சோத்தக் கொறச்சிப் பாத்தேன். விடியறதுக்கு முன்னாடி நடந்து பாத்தேன். தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துப் பாத்தேன். நான் ஒரு இட்டிலியோட எழுந்தா நீங்கதான் இன்னொண்ணு வைப்பீங்க. எழுந்து போனதும் நீங்கதான் சிரிப்பீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னாள். உன் அத்தை முந்தானையைத் திருகினாள். பிறகு, "எனக்கு எங்கடி தெரியும் இதெல்லாம்? அப்ப என்னாதான் திம்ப?" என்று கேட்டாள். நான் காட்டினேன். சுரைக்காயும் பாசிப்பருப்பும் வேக வைத்து மிக்சியில் போட்டிருந்தேன். கால் கிண்ணம்தான் இருக்கும். பெரிய ஜாரில் அது பிளேடுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு அரைபடாமல் சுற்றியது. தினமும் அதோடுதான் என் போராட்டம். உன் அத்தை எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அவள் வீட்டுச் சட்னி ஜார். "இதுல போடு. கொஞ்சமா இருந்தாலும் மையா அரையும்" என்று வைத்துவிட்டு, தன் கோழிக் குழம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் அந்தக் கோழியையே காரம் இல்லாமல் வேக வைத்து, எலும்பை எடுத்து, வெந்த தண்ணீரிலேயே அரைத்துக் கொண்டுவந்தாள். கலா நாலு கரண்டி சாப்பிட்டாள், சின்னக் கரண்டியில். பொய் இருந்த வரைக்கும் தூக்கு நிறைய வந்து தொல்லை கொடுத்த அதே கோழிதான்.

இதைச் சொல்லி உன்னையும் சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்தேன். அதற்குள் அத்தை வாயாலேயே தெரிந்துகொண்டு நீயே போன் செய்தாய். கலா பருப்பு வடிகட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தது உனக்குத் தெரியாது. "அத்தகிட்ட யாரு சொல்லச் சொன்னது? இனிமே ஊரு பூரா தெரிஞ்சிடும். செல்வி மாமனார் வூட்டுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். காதுகுத்துல என் பக்கத்துல உக்காந்து ரெண்டு வாயி சாப்புட்டுச் சமாளி. ரெண்டு வாயில என்னா ஆயிடும்?" என்றாய். அவள், "சரிங்க" என்றாள். கையில் வடிகட்டி அப்படியே நின்றது. பருப்பு சொட்டிக்கொண்டே இருந்தது. "ஏன் சரின்னு சொன்ன?" என்று நான் கேட்டேன். "அவருக்கு அன்னிக்கு முக்கியமான நாளு மாமா. ரெண்டு வாயிதான" என்றாள். களியும் ஒரு வாய்தான். அதை அவளுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை.

அன்று பந்தியில் நீ அவளுக்கு இடது பக்கம், நான் வலது பக்கம். முதலில் அவள் இலையில் உப்பு, பிறகு சோறு, பிறகு கிடாக்கறி. அவள் விரல் நுனியால் பருக்கைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். செல்வி மாமனார் எதிரில் நின்று, "மருமவப் பொண்ணு ஏன் வெக்கப்படுது, நல்லா வைங்கப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நீ குனிந்து, உதடு அசையாமல், "பாக்குறாங்க, வச்சிக்க" என்றாய். அவள் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள், அதில் கறி இருந்தது. அரைக்கிறாள், அரைக்கிறாள், விழுங்க முடியவில்லை. விழுங்கினாள். கை நெஞ்சுக்குழிக்குப் போனது. கண் நிறைந்தது. அதே நேரம் கரண்டியோடு மறுபடியும் வந்தார்கள். நீ பார்த்தாய், தம்பி. நீ பார்க்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே. பார்த்துவிட்டு உன் இலையைப் பார்த்தாய். அப்போதுதான் நான் கை நீட்டி அவள் இலையை அவள் பக்கமாகவே மடித்தேன். மங்களமாகத்தான் மடித்தேன், சாவு வீட்டில் மடிப்பது போல வெளிப்பக்கமாக மடிக்கவில்லை. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பந்தியே நின்றுபோனது. "என்னா சம்பந்தி, எங்க வூட்டுச் சோறு உங்க மருமவளுக்கு எறங்கலியா?" என்றார் அவர். முகம் சுருங்கிவிட்டது. "எறங்காதுங்க. வயித்துல ஆபரேசன் பண்ணி வயித்தச் சின்னதாக்கியிருக்குது. இப்ப அரைச்சதுதான் எறங்கும். உங்க சோத்துமேல குத்தம் இல்லீங்க, சொல்லாதது எங்க குத்தம்" என்றேன். செல்வி ஓடி வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் அழைத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கலா நின்ற நிலையை நீ பார்க்கவில்லை. செல்வி அவள் தலையைத் தாங்கிக்கொண்டு அழுதாள். "ஏம்ப்பா முன்னாடியே சொல்லல? அண்ணிக்கு நாலு முட்டைய வேக வச்சி மசிச்சி எடுத்து வச்சிருப்பேனே. இதுல என்னாப்பா இருக்கு" என்று என்னைக் கேட்டாள். நான் திரும்பி வந்து பார்த்தேன். நீ எழுந்திருக்கவே இல்லை. பந்தியில் பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை என்று உட்கார்ந்திருந்தாய். உன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். இதை எழுதும்போது பேனா காகிதத்தை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நம் ஊர் சிரிக்கும் என்று நீ சொல்கிறாய். எட்டாவது படிக்கும்போது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லை, எண்ணெய் இல்லை, புளி இல்லை என்று பத்தியம் வைத்தோம். அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா வீட்டில் கல்யாணம். உன்னைப் பந்தியில் உட்கார வைத்தபோது பரிமாறினவர்களே, "புள்ள பத்தியம், அந்த எலைக்கு எதுவும் போவாதீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். உனக்கென்று ஒருத்தி இட்லியும் மோரும் கொண்டுவந்தாள். தெரியாமல் அப்பளம் வைத்த ஒருவனைக் கிழவர்கள் பிடித்துத் திட்டினார்கள். அன்றைக்கு உனக்கு அசிங்கமாக இருந்ததா? ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய். பத்தியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காவல் நிற்கிற ஊர் இது. அந்த வார்த்தையை உன் மனைவிக்கு நீ கொடுக்கவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறார்கள், அம்மை போட்டவனுக்குக் கொடுக்கிறார்கள். உடம்பு பெருத்தவள் பத்தியம் இருந்தால் மட்டும் ஏன் சிரிப்பு வர வேண்டும்? ஊர் சிரிக்கும் முன்பே நீ வெட்கப்பட்டுவிட்டாய். விசேஷம் முடிந்த மறுநாள் செல்வி மாமனாரே போன் செய்து, "பாப்பாவுக்கு இப்ப எப்பிடி இருக்குது, தெரிஞ்சிருந்தா நாங்க வற்புறுத்தியிருக்க மாட்டோமே" என்று வருத்தப்பட்டார். நீ இன்னும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை ஓசூருக்கு அழைத்துப் போகிறேன் என்று கலாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். வா. அழைத்துப் போ. ஆனால் அங்கே அடுப்படி இனி உன்னுடையதும்தான், அதனால் சொல்கிறேன். இப்போது அவள் மசிக்கிற சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு சின்ன ஜார் வாங்கிக்கொள், அத்தை ஜாரை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். முட்டையை ஆவியில் வேக வைத்துத் தயிர் கலந்து மசித்தால் அவளுக்கு நன்றாக இறங்குகிறது. வறுத்த முட்டை நெஞ்சைப் பிடிக்கிறது. மீனை வேக வைத்து, ஒவ்வொரு முள்ளாக விரலால் தேடி எடுத்து, வெந்த தண்ணீரை விட்டு மசி. காய்ந்து போனால் மீனும் பஞ்சு மாதிரி அடைக்கும். பன்னீரை மோரில் நனை. பருப்பு தினமும் இருக்கட்டும், சத்து முதலில், காய் அதற்குப் பிறகு. பூசணிக்காய் அவளுக்குச் சலித்துவிட்டது, பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறாள், கேரட் கொடு. புதிதாக ஒன்று கொடுத்தால் அன்றைக்கு அது ஒன்றுதான் புதிது, அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை அவள் பக்கத்தில் வைக்காதே. தண்ணீர் தனி நேரத்தில், வாய் வாயாக. ஓசூரில் உன் ஆபீஸ்காரர்கள் ஜூஸோ கலரோ வாங்கி நீட்டினால் நீ வாங்கிக் குடி. அவள் கரண்டியைக் கீழே வைத்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். கிண்ணத்தில் பாதி இருந்தாலும் முடிந்ததுதான். 'இன்னும் கொஞ்சம்' என்ற சொல்லை உன் வாயிலிருந்து எடுத்துவிடு. அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒளிந்து சாப்பிடும்படி வைக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து நீயும் மெதுவாகச் சாப்பிடு. நீ சாப்பிடுகிற வேகத்துக்கு உனக்கும் அது நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று கலாவிடம் கேட்டேன். "அம்மாடி, நான் எலைய மடிச்சது உனக்கும் அவமானமாப் போச்சா?" அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "இல்ல மாமா. நீங்க மடிக்காட்டி நான் இன்னொரு வாயும் தின்னிருப்பேன். ஆனா நீங்க மடிக்கிற மாதிரி ஆயிடுச்சேன்னுதான். அவரு ஒண்ணும் பேச வேணாம் மாமா. கதையெல்லாம் சொல்ல வேணாம். கரண்டி வரும்போது என் எலைக்கு மேல அவரு கையக் காட்டியிருந்தா போதும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வைகாசியில் பெண்ணாடத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நீ. முதல் பந்தியில் உன்னையும் அவளையும் சேர்த்துத்தான் உட்கார வைப்பார்கள். அவள் அதற்குள் மென்று கொஞ்சம் சாப்பிடும் நிலைக்கு வந்திருப்பாள். ஆனாலும் இலை நிறையப் பரிமாறத்தான் வருவார்கள். கரும்பு போடுகிறவர்கள், கை தாராளம். அன்றைக்கு நானும் வருவேன். எனக்கு உங்களோடு இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர் வரிசையில், உன் கை எனக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் உட்காரப் போகிறேன்.

அப்பா